குழாயின் மறுமுனை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையை விட்டு உள்ளே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, அந்த எரிவாயு நிலையத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். தொலைவிலிருந்து வரும் வாயுவை அழுத்தி மேற்கே தள்ளிவிடுவதுதான் அங்குள்ள இயந்திரங்களின் வேலை. அவை ஓடத் தொடங்கும் முன்பே ஒரு குழாய் மக்கர் பண்ணியது. அந்தக் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவள் மலர்விழி. அதனால் சென்னை அலுவலகம் அவளையே அனுப்பி வைத்தது.

அவளுக்குச் சொந்த ஊர் பக்கத்துச் சங்கராபுரம்தான். அப்பாவும் அம்மாவும் இதே மாதிரிக் கரும்புக் கொல்லைகளில் கூலிக்கு வெட்டியவர்கள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊர் நினைப்பெல்லாம் அவளுக்கு இல்லை. கணக்கு எங்கே தப்பிப் போனது என்ற ஒரே கவலைதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். இயந்திரத்துக்குள் அழுத்தம் எல்லை மீறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்துகொள்ளும். அப்படித் திறக்கிற வால்வுகளின் வாயு எல்லாம் ஒரு பொதுக் குழாயில் சேர்ந்து, வேலியோரம் பனைமரத்தைவிட உயரமாக நிற்கும் தண்டுக்குழாய் வழியே வானத்தில் கலந்துவிட வேண்டும். பொதுக் குழாய் குறுகலாக இருந்தால் வாயு போக வழியில்லாமல் திரும்பி வால்வையே அழுத்தும். வால்வு முழுசாகத் திறக்காது. அப்புறம் இயந்திரம் வெடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மலர்விழி அதையெல்லாம் யோசித்து, தேவைக்கு மேலேயே தாராளமாக அகலம் கொடுத்திருந்தாள்.

"பிரஷர் கேஜ் முன்னாடி நானே நின்னு பார்த்தேன் மேடம்" என்றார் தங்கதுரை. நிலையத்தின் பொறுப்பாளர் அவர். களமருதூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். "வெறும் காத்து விட்டுதான் டெஸ்ட் பண்ணோம். நீங்க குடுத்த கணக்குப்படி முள்ளு லேசா அசையணும், அவ்ளோதான். ஆனா அது மெல்ல மெல்ல ஏறிகினே போவுது. பாதிக்கு மேல போயி நின்னுச்சி."

"உள்ள ஏதாவது அடைச்சிகினு இருக்குமா? வெல்டிங் துணி, கட்டை, ஏதாவது?"

"கேமரா வுட்டுப் பார்த்தாச்சி. கண்ணாடி மாதிரி இருக்குது."

குழாயை அவளே நடந்து பார்த்தாள். ஃபிட்டர் பச்சமுத்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். முப்பது வயதுக்காரன், வேலையில் கெட்டி, பேச்சில் கம்மி. நீளம் சரியாக இருந்தது. வளைவுகள் படத்தில் இருந்தபடியே இருந்தன. அகலமும் அவள் சொன்ன அகலம்தான். தண்டுக்குழாயின் அடியை நெருங்கியதும் பச்சமுத்து மட்டும் நின்றுவிட்டான்.

"நீங்க புடிச்சிக்கிங்க மேடம். நான் இங்கயே நிக்கறேன்."

"ஏன், இன்னா?"

அவன் டேப்பின் முனையைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டான்.

அலுவலக அறையில் உட்கார்ந்து மலர்விழி கணக்கைத் திருப்பிப் போட்டாள். இத்தனை காற்று விட்டால் இத்தனை அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால், குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? விடையைப் பார்த்துவிட்டு, எங்கோ தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது என்று மறுபடி போட்டாள். அதே விடைதான் வந்தது. எட்டு கிலோமீட்டர். வேலிக்குள்ளேயே முடிந்துவிடுகிற குழாய், எட்டு கிலோமீட்டர் நீளக் குழாய் மாதிரி நடந்துகொண்டது.

"இங்கேருந்து எட்டு கிலோமீட்டர்ல இன்னா சார் இருக்கு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

தங்கதுரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே, "மலதான்" என்றார்.

சாயங்காலம் ஆட்கள் டீக்குப் போயிருந்தபோது அவள் தனியாகத் தண்டுக்குழாயிடம் போனாள். மழைத் தண்ணீர் வடிவதற்காக அதன் அடியில் ஒரு சின்னத் துளையும் அதற்கொரு திருகுமூடியும் வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றினாள். காற்று மெல்ல உள்ளே போவது விரல் நுனியில் தெரிந்தது. உள்ளே அடைப்பு இருந்தால் எதிரொலி சட்டென்று திரும்பும். அதைச் சோதிக்கலாம் என்று நினைத்து, துளையருகே வாயை வைத்து, "யாரு அங்க?" என்று கூப்பிட்டாள். அந்த நேரத்துக்கு வாயில் வந்த வார்த்தை அது.

எதிரொலி வரவில்லை. ஆழமான கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. கரும்புத் தோகைகள் உரசிக்கொள்கிற சத்தம் மட்டும்தான். எழுந்து மூடியைக் கையில் எடுத்துவிட்டாள். முக்கால் நிமிஷம் போயிருக்கும்.

"யாரு இங்க?"

அவளுடைய குரல். அவள் இழுத்த இழுப்பு, கடைசியில் தூக்கிய தூக்கல், எல்லாம் அப்படியே. ஒரு வார்த்தைதான் வேறு.

மூடி கையை விட்டு நழுவி ஜல்லியில் விழுந்தது. அதை எடுத்துத் துளையில் வைத்துத் திருகுவதற்குள் இரண்டு தடவை தவறிப் போனது. அப்போதும் அவளுடைய மூளை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. முக்கால் நிமிஷத்தில் சத்தம் போய்த் திரும்புகிற தூரம் எவ்வளவு? போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு.

தங்கதுரையிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசி போல்ட்டு முடுக்கன அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சி மேடம். நான் இந்தப் பக்கம் நின்னுகினு, 'பச்சமுத்து, முடிஞ்சிதா?'ன்னு சத்தம் குடுத்தேன். அவன் சாப்பிடப் போயிட்டான்னு எனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழிச்சி குழாயில, 'இன்னும் முடியல'ன்னு வருது. என் கொரலு மேடம்! நான் பேசறதையே நான் கேக்கறேன்."

"மேல யாருக்காவது சொன்னீங்களா?"

"இன்னான்னு சொல்றது? கேஜு ஜாஸ்தி காட்டுதுன்னு மட்டும் சொன்னேன். பொய்யில்லியே."

"பச்சமுத்துவுக்கு இன்னா ஆச்சி?"

"அவன் அதுகிட்ட எதுவும் கேக்கல. அதுதான் அவன கேட்டுது." தங்கதுரை குரலைத் தாழ்த்தினார். "'உள்ள வர்றியா?'ன்னு. அவன் கொரல்லயே."

அன்று ராத்திரி கள்ளக்குறிச்சி லாட்ஜில் மலர்விழி சரியாகத் தூங்கவில்லை. காலையில் ஒரு முடிவோடு வந்தாள். இன்னொரு தடவை காற்று விட்டுப் பார்ப்பது. இந்த முறை அவள் கேஜைப் பார்க்கப்போவதில்லை. தண்டுக்குழாயின் வாயைப் பார்க்கப்போகிறாள். பச்சமுத்து மேலே ஏறி அதன் வாயில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கினான். அவ்வளவு காற்று அதன் வழியே வெளியேறினால் துணி கிழிந்தே போக வேண்டும். சத்தம் காதைப் பிளக்க வேண்டும்.

வாடகைக்கு எடுத்திருந்த காற்று இயந்திரங்கள் உறுமின. வால்வைத் திறந்தார்கள். குழாய் லேசாக அதிர்ந்தது. தங்கதுரை கேஜ் பக்கமிருந்து, "ஏறுது, ஏறுது" என்று கத்தினார்.

சிவப்புத் துணி தொங்கியபடியே தொங்கியது. ஒரு நூல்கூட அசையவில்லை. இத்தனை காற்றும் ஒரு முனையில் போகிறது, மறுமுனையில் ஒன்றுமே வரவில்லை. அப்படியானால் எங்கே போகிறது?

"மேடம்" என்றான் பச்சமுத்து. "மலயப் பாருங்க."

மழை ஓய்ந்த காலை. கல்வராயன் மலையின் இடுப்பைச் சுற்றி மூடுபனி வெள்ளையாகக் கிடந்தது. அதில் ஓர் இடத்தில், பாலாடையை ஊதினால் விலகுவது போலப் பனி விலகிக்கொண்டிருந்தது. வட்டமாக ஓர் ஓட்டை விழுந்து, அது பெரிதாகி, அதற்குள் ஈரமான கரும்பச்சைக் காடு தெரிந்தது. அங்கிருந்து பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. இந்தத் தூரத்துக்குக் கடுகை விசிறியெறிந்த மாதிரி இருந்தது. பிறகு சத்தம் வந்தது. தண்டுக்குழாயில் கேட்டிருக்க வேண்டிய அந்த நீண்ட இரைச்சல், மலையிலிருந்து மெல்ல இறங்கி, கரும்புக்கு மேலாக வந்து சேர்ந்தது.

"நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். "நிறுத்துங்க சார்!"

இயந்திரங்கள் நின்ற பிறகும் மலையின் இரைச்சல் உடனே ஓயவில்லை. அது மெல்லத் தேய்ந்துதான் அடங்கியது.

எதனால் இப்படி என்று யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மலர்விழிக்குத் தோன்றியது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. இந்தக் குழாயை நம்பி இயந்திரத்தை ஓட்ட முடியாது. மலைமேல் சனங்கள் இருக்கிறார்கள், வீடு வாசல் இருக்கிறது. அவர்கள் நடுவில் எரிவாயுவைக் கொண்டுபோய்க் கொட்டுகிற வழியை விட்டுவைக்கவும் முடியாது. பொதுக் குழாயே வேண்டாம், ஒவ்வொரு வால்வுக்கும் அதன் தலைக்கு மேலேயே தனித்தனியாக நேர்க்குழாய் வைத்துவிடலாம் என்று அன்றைக்கே புதிதாகக் கணக்குப் போட்டு அனுப்பினாள். காரணம் என்ற இடத்தில், 'பழைய குழாயில் கண்டறிய முடியாத தடை' என்று எழுதினாள். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பழையதைக் கழற்றுகிற நாளில் அவளும் நின்றாள். தண்டுக்குழாயின் அடி இணைப்பைத்தான் முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. பச்சமுத்து போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் கடப்பாரையால் நெம்பினான். இடைவெளி விழுந்ததும் ஒரு வாடை வந்தது. இரும்பு வாடை இல்லை. மழை பெய்த காட்டின் வாடை. மக்கிய இலை, ஈரப் பாறை. விளிம்பில் ஒட்டியிருந்த பழைய வாஷரைச் சுரண்டி எடுக்க அவன் கையை உள்ளே விட்டான்.

அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா?" என்றார் தங்கதுரை.

"புடிச்சிகினு இருக்காங்க" என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான்.

அவனுடைய முழங்கை உள்ளே போனது. தோள் போய்க் குழாயின் விளிம்பில் இடித்தது. மலர்விழி அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். தங்கதுரை அவனைக் கட்டிப் பிடித்துக் கால்களை ஜல்லியில் ஊன்றினார். அசைக்க முடியவில்லை. அவன் அலறவும் இல்லை, திமிறவும் இல்லை. யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவன் போலத் தலையைச் சாய்த்து, கன்னத்தைக் குழாயோடு ஒட்டவைத்திருந்தான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"பச்சமுத்து, 'நான் வரல'ன்னு சொல்லு!" அவளுக்கே ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. "வாயத் தொறந்து சொல்லு! செவ்வந்தி வூட்ல காத்துகினு இருப்பா, சொல்லு!"

செவ்வந்தி அவன் மனைவி. நிறைமாதம் என்று ஆட்கள் பேசிக்கொண்டதை மலர்விழி கேட்டிருந்தாள்.

அவன் உதடுகள் அசைந்தன. முதலில் குரல் வரவில்லை. பிறகு குழாயைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி, "இல்லிங்க. நான் வரல" என்றான்.

மூவரும் பின்னால் போய் விழுந்தார்கள்.

கையில் ஒரு கீறல்கூட இல்லை. தோள்வரை ஈரமாக இருந்தது, நகக் கண்களில் செம்மண். நிலையத்தைச் சுற்றி எங்குமே செம்மண் கிடையாது. அவன் அதைக் கழுவாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மிச்சக் குழாயைக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த வேறு ஆட்கள் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, அவர்களுக்கு எதுவும் நடக்கவுமில்லை. வெட்டிய துண்டுகள் வெறும் இரும்பு.

புதிய குழாய்கள் தயாரானதும் வாயுவைக் கொண்டே சோதித்தார்கள். வால்வுகள் திறந்தன, வாயு இரைந்துகொண்டு நேராக மேலே போனது, கேஜின் முள் அவள் எழுதிக் கொடுத்த இடத்தில் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மலர்விழியும் தட்டினாள். தட்டும்போது மலையைப் பார்த்தாள். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மரங்கள் சும்மா நின்றன.

பச்சமுத்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டான். சின்னசேலத்தில் ஒரு ரைஸ் மில்லில் சேர்ந்திருப்பதாகத் தங்கதுரை போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளிமலை பஸ் ஏறி எங்கேயோ பாதி வழியில் இறங்கிக்கொள்கிறானாம். சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறானாம்.

மலர்விழி அவனைக் கூப்பிட்டுப் பேசினாள். குழந்தையை விசாரித்தாள். பிறகு, மலைக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டாள்.

மறுபக்கம் மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அது நம்மள இழுக்கல மேடம்" என்றான் பச்சமுத்து. "நீங்க அப்பிடி நெனச்சிகினு இருப்பீங்க. இருட்டுல வழி தெரியாம நிக்கறவங்க கையப் புடிப்பாங்க இல்ல, அப்பிடிதான் புடிச்சிது. யாரோ உள்ள மாட்டிகினு இருக்காங்க. நாம இந்தப் பக்கத்த வெட்டிட்டோம். அந்தப் பக்கம் எங்க தொறக்குதுன்னுதான் தேடறேன்."

"கெடச்சா இன்னா பண்ணுவ?"

அவன் யோசித்தான்.

"தெரியல மேடம்" என்றான். "போயி நிக்கணும்."