பிண்ணாக்கில் பதினெட்டு சதவீதம்

பூட்டுக்காரரின் கைக்கு மசியாத பூட்டு அந்த வட்டாரத்தில் கிடையாது. அதனாலேயே, உலகத்தில் எதையும் தன்னால் திறந்துவிட முடியும் என்ற திமிர் அவருக்கு ஏறிப்போயிருந்தது. அந்த வரிசையில் சூரியகாந்தி விதையையும் சேர்த்துக்கொண்டதுதான் வினை.

வினைக்கு வித்திட்டவன் அவர் மனைவியின் தம்பி. எண்ணெய் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. அந்த ஆலையில் விதையின்மேல் ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றி எண்ணெயைக் கரைத்தெடுப்பார்கள். பிறகு திரவத்தை ஆவியாக்கி விரட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தால் இலவசமாக இந்தப் பாடமும் உண்டு. 'கரைப்பான்' என்று ஆரம்பித்தால் கை கழுவும்வரை ஓயமாட்டான். கடைசியில் அதுவே அவன் பெயராகிவிட்டது. பூட்டுக்காரர் அதை வேகமாகச் சொல்லும்போது 'கரப்பான்' என்றுதான் காதில் விழும். வேண்டுமென்றேதான் வேகமாகச் சொல்வார்.

"பிழியறதெல்லாம் கற்காலம் மாமா. பாதி எண்ணெய பிண்ணாக்குலயே விட்டுட்டு வருவீங்க" என்றான் ஒரு ஞாயிறு.

மறுநாளே பூட்டுக்காரர் ஒரு சின்னப் பிழியும் மெஷினை வாங்கி வந்து, மிக்ஸியை ஓரம் தள்ளிச் சமையல் மேடையில் உட்காரவைத்தார். உள்ளே ஓர் இரும்புத் திருகு சுற்றி விதையை நெருக்கும். எண்ணெய் அடியில் ஒழுகும், சக்கை முனையிலுள்ள துளை வழியாக வெளியே வரும்.

"இது எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று ஒரு கிலோ கறுப்பு விதையை இரண்டு நாள் உட்கார்ந்து உரித்தார். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. உரித்த பருப்பைப் போட்டு மெஷினை ஓடவிட்டார். திருகு சுற்றியது, பருப்பு நகரவில்லை. வெகுநேரம் கழித்து, துளையிலிருந்து கொழகொழவென்று என்னவோ எட்டிப் பார்த்தது.

"எண்ணெய் எங்கங்க? இது பல்லு தேய்க்கவா?" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று.

"தோலப் பூரா உரிச்சிட்டீங்களா? திருகுக்குப் பிடிமானமே அந்தத் தோல்தான் மாமா. அது இல்லாட்டி வழுக்கிக்கிட்டு நிக்கும்."

இன்னொரு கிலோவைத் தோலோடு போட்டார். முந்நூறு மில்லி எண்ணெய் கிடைத்தது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு வீடு ஏறவில்லை என்றாள் மனைவி.

அந்த ஞாயிறு வந்த மைத்துனன் பிண்ணாக்கை மட்டும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் எண்ணெயை நிரப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"நீங்க குப்பையில போட இருந்தது. பிண்ணாக்குல பதினெட்டு சதவீதம் எண்ணெய்."

பூட்டுக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. "இதச் சாப்பிடலாமா?"

"ஐயையோ, இது ஆய்வுக்கூடத்து எண்ணெய். வாயில வச்சிடாதீங்க."

"அப்ப என் எண்ணெயச் சாப்பிடலாம், உன் எண்ணெயப் பாக்கலாம். அவ்வளவுதான மாப்ளே?"

வாய்ச்சண்டையில் ஜெயித்துவிட்டார். ஆனால் அந்தப் பதினெட்டு அவரை விடவில்லை. கடையில் சாவி வெட்டும்போதும் காதுக்குள் பதினெட்டு, பதினெட்டு என்று கூவியது. மெஷினைப் பிரித்துப் பார்த்தார். முனைத் துளை தாராளமாக இருந்தது. வழி அகலமாக இருந்தால் நெருக்கம் எங்கிருந்து வரும்? இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து, அரத்தால் ராவி, துளையைப் பாதியாக்கினார்.

வேடிக்கை பார்க்க வந்த மைத்துனனுக்கு, ஒரு வேலை கண்ணெதிரே தப்பாக நடந்தால் பொறுக்காது.

"காஞ்ச விதைய அப்படியே போடாதீங்க மாமா. ரெண்டு கை தண்ணி தெளிச்சு, கொஞ்சம் சூடு காட்டுங்க."

"நீ எந்தக் கட்சிடா?" என்றார் பூட்டுக்காரர். கேட்டாலும், சொன்னபடி செய்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மைத்துனனும் குனிந்தான். மெஷின் முனகியது, நடுங்கியது, லேசாகப் புகைந்தது. பிண்ணாக்கு மெல்லிய பட்டையாக வந்து பட்டுப் பட்டென்று ஒடிந்தது. அதில் ஒரு பிடியை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க மைத்துனன் எடுத்துப் போனான்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "ஒம்பது" என்றான் மைத்துனன், சாவுச் செய்தி சொல்லும் குரலில். பூட்டுக்காரர் கடையிலேயே ஒரு குதி குதித்தார்.

ஆனால் நெருக்கத்தில் ஏறிய சூட்டில் எண்ணெய் கறுத்துப்போயிருந்தது. மனைவி விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"கதவு எரிஞ்ச மாதிரி இருக்கு."

"அது வறுத்த மணம்" என்றார் பூட்டுக்காரர்.

"பெரிய ஓட்டல்ல இதுக்குன்னே ஆளுங்க வர்றாங்கக்கா" என்றான் மைத்துனன் அந்த ஞாயிறு. தன் கைப்பக்குவமும் அதில் கலந்திருப்பதை அவன் மறக்கவில்லை.

அவள் வாதாடவில்லை. மளிகைக்கடையில் ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி, தன் பங்கு உருளைக்கிழங்கை அதில் வறுத்துக்கொண்டாள். ஆண்கள் இருவருக்கும் அவர்கள் எண்ணெயிலேயே வறுத்து வைத்தாள். கண்ணில் நீர் முட்ட, 'பிரமாதம், பிரமாதம்' என்று இருவரும் தின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

மாமா நீட்டுகிறாரே என்று மைத்துனனும், மைத்துனன் நீட்டுகிறானே என்று மாமாவும் தட்டை நீட்டினார்கள்.