சொல்லாமல் வரவழைத்த ஷெட்

சோபாவை அவளும் மகனுமாகச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தபோது பின்சந்தில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கூடத்து நடுவில் கணவர் கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு கிடத்தப்பட்டிருந்தார். ஷெட் கம்பெனியை இன்றைக்கு வரச் சொன்னவள் அவள்தான். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆறு மாதமாக வீட்டுக்குப் பின்னால் அவரே ஒரு ஷெட் கட்டிக்கொண்டிருந்தார். பலகை அடிப்பார், ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், முகத்தைச் சுளித்து அடித்ததில் பாதியைப் பிடுங்குவார். அதுவரை ஏணியும் பழைய சைக்கிளும் பெயிண்ட் டப்பாக்களும் கூடத்திலேயே குடித்தனம் நடத்தின. கம்பெனிக்காரன் ரெடிமேட் தகர ஷெட்டை ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் போய்விடுவானே என்றால், "அவன் கொண்டுவர்றது பெரிய சைஸ் பிஸ்கட் டப்பா" என்பார்.

நேற்று மதியம் அந்த ஷெட் வாசலில்தான் சுத்தியலும் கையுமாகச் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். "அவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால். அந்தப் பிடிவாதம்தான் கொண்டுபோயிடுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதான் மகன். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ இரு, நான் போய்ப் பாக்கறேன்" என்று பின்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

கம்பெனிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "வணக்கம்மா. ஐயா சொன்ன மாதிரியே இடத்தைக் காலி பண்ணி வச்சுட்டாரே!"

"எந்த ஐயா?"

"நேத்துக் காலைல உங்க நம்பருக்கு அடிச்சேன், அவர்தான் எடுத்தாரு. பழசை நாங்களே இடிச்சுக்கறோம்னேன். வேணாம், நீங்க கடப்பாரையைப் போட்டுப் பொளந்துடுவீங்க, நானே பிரிச்சு வச்சிடறேன்னாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க, வந்து பாக்கட்டும்னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நேற்று அழுதுகொண்டு ஓடிவந்தபோது கண்ணில் படாததெல்லாம் இப்போது பட்டது. கூரைத் தகரங்கள் மதிலில் சாய்ந்திருந்தன. பலகைகள் அளவுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. பிடுங்கிய ஆணிகள் ஒரு டப்பாவில் கிடந்தன. நான்கு மூலைக் கால்கள் மட்டும் நின்றன.

"கோபமா பேசினாரா?"

"ஐயோ, இல்லம்மா. சிரிச்சாரு. கதவை மட்டும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைங்க, உள்பக்கம்னா அவ இடிச்சுக்குவான்னாரு. எங்க, உள்ளே இருக்காரா?"

"இருக்காரு" என்றாள். பிறகு, "நேத்து மதியம் போயிட்டாரு" என்றாள்.

கம்பெனிக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவிழ்த்ததை மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

கணவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷத்தில் அவள் பேச்சுக்கு அவர் விட்டுக்கொடுத்தது இந்த ஒன்றுதான். அந்த வெயிலில், அவசர அவசரமாக, அவளுக்காகப் பிரித்திருக்கிறார். நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள்.

உள்ளே வந்தபோது நாத்தனார் வந்து சேர்ந்திருந்தாள். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா பின்னாடி?" என்றான் மகன்.

"வழி தெரியாம வந்துட்டாங்க."

"எப்படிடா ஆச்சு? நல்லாத்தானே இருந்தாரு?" என்றாள் நாத்தனார்.

"கம்பெனிகிட்ட விடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டோம் அத்தை. கேட்டாரா? அம்மாவையே கேளுங்க."

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்படியா அண்ணி?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவர் என்னைக்கு யார் பேச்சைக் கேட்டாரு?" என்றாள் அவள்.

குனிந்து அவர் காலடியில் போர்வையை இழுத்துவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது.