அடித்ததா, வார்த்ததா

பத்து மணிக்குப் பறைமேளம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் பிஸ்டன்களை ஒளித்துவிட வேண்டும் என்று மனோகரி நினைத்தாள்.

அவை கார்க் கொட்டிலில், மண்ணெண்ணெய் ஊற்றிய பேசினில் கிடந்தன. முதல்நாள் காலை அப்பா ஆழ்வாப்பிள்ளை தன் ஒஸ்ரின் காரின் இஞ்சினிலிருந்து கழற்றியவை. மாலையில் தேத்தண்ணி கேட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். தேத்தண்ணி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

நாரந்தனையில் அந்தக் காரை வாடகைக்குப் பிடிக்காதவர்கள் குறைவு. ஏறியவர் எவரும் பிஸ்டன் கதை கேட்காமல் இறங்கியதில்லை. மற்றக் கார்களில் இருப்பது கொம்பனி போட்ட, உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்புப் பிஸ்டன். தன்னுடையது உலோகத்தை அடித்துச் செய்தது. காரை முன்பு வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ரேஸ் ஓடுவதற்காகப் போட்டது. அடித்தது சூட்டில் கூடுதலாக விரியும் என்று இடைவெளி விட்டுப் போடுவார்கள். அதனால் குளிரில் தட்டும், சூடேறினால் அடங்கும். சந்தி வருமுன் சத்தம் நின்றுவிடும். "கேட்டியளோ?" என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

அம்மாவின் தமையன் தம்பிராசா நம்பவில்லை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தேய்ந்த வார்ப்பும் அப்படித்தான் தட்டும் என்றார். ஒரு தேர்த் திருவிழாவன்று, ஊர் கேட்க, அடித்ததென்றால் மீசையை எடுக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். டிப்போவில் அவருக்குப் பெயரே மீசையர்.

முதல்நாள் அப்பா ஒரு பிஸ்டனைத் துடைத்துக் கவிழ்த்துப் பார்த்தார். உட்புறம் சொரசொரத்தது. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடியது. அடித்ததில் அந்தக் கோடு இராது. மற்ற மூன்றையும் பார்த்தார்; அவற்றிலும் அதே கோடு. பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"கொம்மாவுக்குச் சொல்லாதை. மாமாவுக்கு நானே சொல்லுறன்."

மனோகரி பேசினைச் சாக்கால் மூடுவதற்குள் பெண்கள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஒப்பாரி சொல்ல வந்த சின்னாச்சி தன் பாட்டில் காரைக் கொண்டுவந்தாள். அடித்த பிஸ்டனையும் கொண்டுவந்தாள். அம்மா அழுகையின் நடுவே அதற்குத் தலையாட்டினாள்.

ஜன்னலால் பார்த்தபோது பந்தலில் மாமாவைக் காணவில்லை. மனோகரி எழுந்து கொட்டிலுக்குப் போனாள்.

அவர் அங்கே குந்தியிருந்தார். சாக்கு விலகிக் கிடந்தது. கையில் ஒரு பிஸ்டன், கவிழ்த்தபடி. பெருவிரல் கோட்டின் மேல் போய் வந்தது.

"உன்ரை கொப்பர் இதைப் பாத்தவரோ?"

"ஓம்."

"என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர், மாமா. இருமும்வரைக்கும்."

மாமாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்ததில் கன்னம் முழுக்கக் கரியானது.

பிஸ்டனைப் பேசினில் வைத்தார், உட்புறம் கீழே இருக்க. சாக்கை இழுத்து மூடினார்.

முற்றத்து வேம்பின் கீழ், அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பெறாமகனுக்கு, அவர் தம்பியின் மகனுக்கு, சவரம் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் மாமா போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தார். மேலுதட்டைக் காட்டினார். சவரம் செய்பவர் கத்தியைப் பிடித்தபடி நின்றார். மாமா மறுபடியும் காட்டினார்.

பந்தலில் தலைகள் திரும்பின. பிறகு கனகசபை, வாராவாரம் அந்தக் காரில் சந்தைக்குப் போனவர், மெல்லச் சொன்னார்:

"செத்தும் வெண்டிட்டான் மனுசன்."

யாரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். தூரத்தில் பறை கேட்கத் தொடங்கியது.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். தமையனின் வெறும் உதட்டைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்தது. மாமா மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு மனோகரியைப் பார்த்தார்.

"அண்ணை," என்றாள் அம்மா, "அப்ப, அவர் சொன்னதுதானே சரி?"