ஸ்கேல் டீச்சர் தரையில் படுத்த நாள்

மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு ஆசிரியைக்குப் பிள்ளைகள் ஸ்கேல் டீச்சர் என்று பெயர் வைத்ததில் தப்பே சொல்ல முடியாது. நோய்க்காலத்தில் பள்ளி பாதி திறந்தும் பாதி மூடியும் நடந்தபோது, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மீட்டர் இருக்கிறதா என்று மரஸ்கேலை வைத்து அளந்துகொண்டே அவள் நடப்பாள். வராந்தாவில், கழிப்பறை வரிசையில், தண்ணீர்க் குழாயடியில், எல்லா இடத்திலும். இரண்டு பேர் தோளில் கை போட்டு நின்றால் போதும், நடுவில் ஸ்கேல் நீளும். யாரையும் அடித்ததில்லை. பிரித்துவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும். முற்றத்தில் மஞ்சள் பெயிண்டால் வட்டங்கள் வரைந்ததும் அவள்தான். மூன்று நாள் முட்டி தேய உட்கார்ந்து வரைந்தாள்.

அத்தனைக்கும் காரணம் பயம். ஒரு பிள்ளை இருமினால் அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பாள். இரவில் தூக்கம் வராது. காலையில் எழுந்து முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்து கதவுப் பிடிகளைத் துடைப்பாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்தன என்று கல்வி அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. தலைமையாசிரியர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார். முகக்கவசம் வேண்டாம், இடைவெளி வேண்டாம், எல்லாம் பழையபடி. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் மாலையில் ஆசிரியர்களை மட்டும் உட்காரவைத்து அவர் வேறு கதை சொன்னார்.

"மாஸ்க் போகட்டும். ஆனா சாப்பாடு அவங்கவங்க பெஞ்சுலயேதான். இன்டர்வல்ல ஒவ்வொரு கிளாஸா வரிசையில போய் வரிசையில வரட்டும். இந்த ரெண்டு வருஷமா ஸ்கூல் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. சாப்பாடு சிந்தறதில்ல, சண்டையில்ல, ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. நல்ல பழக்கத்த ஏன் விடணும்?"

சாப்பாட்டுக் கூடத்தை அவர் ஏற்கெனவே விருந்தினர் அறையாக மாற்றிவிட்டிருந்தார். நீள பெஞ்சுகள் பின்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவை இருந்த இடத்தில் ஒரு சோபாவும் தரைவிரிப்பும், கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன்களும் இருந்தன. சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில்.

ஸ்கேல் டீச்சர் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. சொல்லப்போனால், அமைதி அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

புதன்கிழமைதான் அது நடந்தது. அந்த இடைவேளையில் முற்றத்துக்குப் போகும் முறை அவள் வகுப்புக்கு. நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவளின் காதில் "டீச்சர்! டீச்சர்!" என்று கோரஸாகக் கத்துவது விழுந்தது. ஓடினாள்.

குண்டூசி விழுந்து கிடந்தாள். வகுப்பிலேயே ஒல்லியான பெண் என்பதால் வந்த பெயர். முட்டி கிழிந்து ரத்தம். குழாயடி ஈரத்தில் வழுக்கியிருக்கிறாள். ஒரு கால் உடம்புக்கடியில் மடங்கிக்கொண்டதால் எழ முடியவில்லை. அவளைச் சுற்றி மற்ற முப்பத்தேழு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். கச்சிதமாக ஒரு மீட்டர் தள்ளி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. குண்டூசியின் உயிர்த் தோழி கீச்சு, அழுது மூக்கு ஒழுக, எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அவளும் ஒரு மீட்டர் தள்ளித்தான் நின்றாள்.

டீச்சர் குண்டூசியைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு திரும்பிக் கேட்டாள்: "ஏன் ஒருத்தர்கூடத் தூக்கிவிடல?"

கீச்சுதான் தன் கீச்சுக் குரலில் சொன்னாள்: "தொடக்கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க."

அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததே முகக்கவசத்தோடுதான். பள்ளி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவரிடம் இதைச் சொன்னாள். லேத் பட்டறைக்காரர். கை எப்போதும் இரும்பு வாடை அடிக்கும்.

"கோவிச்சுக்காத," என்றார் அவர். "இந்த வீட்ல இருபது வருஷமா நீ சொன்னத ஒருத்தரும் கேட்டதில்ல. அங்க முப்பத்தெட்டுப் பேர் கேட்டிருக்காங்க. பெருமைப்படு."

"விளையாடாதீங்க. புள்ளைங்கள நான் கெடுத்து வெச்சிருக்கேன்."

"அப்ப காப்பாத்தி வெச்ச. இப்ப வேற மாதிரி சொல்லிக்குடு. சொல்லிக்குடுக்கறதுதான உன் வேலை?"

அடுத்த நாள் முதல் பீரியடில் டீச்சர் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளச் சொன்னாள். வகுப்பு நடுவில், சாக்பீஸ் தூளும் பென்சில் சீவலும் கிடந்த தரையில், செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் விழுந்துட்டேன்," என்றாள் டீச்சர், மின்விசிறியைப் பார்த்தபடி. "எந்திரிக்க முடியல. என்ன பண்ணுவீங்க?"

"ஹெச்.எம். சார கூப்பிடுவோம்!" என்றது ஒரு குரல்.

"அவர் வெளியூர் போயிட்டார்."

"ஆயாம்மாவ கூப்பிடுவோம்."

"ஆயாம்மாவும் அவர்கூடப் போயிட்டாங்க. நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

நீண்ட நேரம் யாரும் அசையவில்லை. பிறகு கட்டுப்போட்ட முட்டியோடு குண்டூசி நொண்டி நொண்டி வந்தாள். குனிந்து, டீச்சரின் சுண்டுவிரலை மட்டும் பிடித்து, "வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வலிக்குது. ஒரு விரல பிடிச்சா எப்படி எந்திரிப்பேன்? நல்லா பிடி."

அடுத்து கீச்சு வந்தாள். பிறகு வெள்ளம்தான். ஒருவன் காலைப் பிடித்தான், இரண்டு பேர் முழங்கையை, நான்கு பேர் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து நெம்பினார்கள். "தலைய பிடிடா! தலைய விட்டுட்டோம்!" என்று யாரோ அதட்டினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். டீச்சர் பாதி தூரம் எழுந்து, பாரம் தாங்காமல் மறுபடி விழுந்தாள். வகுப்பே சிரித்தது. அவளும் படுத்தபடியே சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறிவிடுமோ என்று பயந்து இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தலைமையாசிரியர்.

"என்ன டீச்சர் இது?"

டீச்சர் படுத்த வாக்கிலேயே சொன்னாள்: "பாடம் நடக்குது சார்."

"எந்தப் பாடம்?"

"விழுந்தவங்கள தூக்கிவிடற பாடம் சார். இன்னும் முடியல."

அவர் திரும்பிப் போனார். பிள்ளைகள் இன்னொரு தம் பிடித்து அவளை நிறுத்திவிட்டார்கள்.

மதியம் அவள் கூடத்துச் சாவி கேட்டுப் போனாள். புதுத் தரைவிரிப்பு, விருந்தினர்கள், மீன்கள் என்று அவர் அடுக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், அப்ப வெளியிலயே சாப்பிடறோம்," என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வராந்தா தாண்டிவிட்டாள்.

முற்றத்து மரத்தடியில் மூன்றாம் வகுப்பு 'பி' டிபன் பாக்ஸ்களைத் திறந்தது. முதலில் வழக்கப்படி ஆளுக்கொரு மஞ்சள் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். "அதெல்லாம் பழைய கோடு, நெருங்கி உக்காருங்க," என்று டீச்சர் கத்த வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் ஒரு முட்டைக்கு இரண்டு பேர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கீச்சு ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கேட்காமலே குண்டூசியின் மூடியில் வைத்தாள். தண்ணீர் கொட்டியது, சோறு சிந்தியது, இரண்டு சண்டை வந்து போனது. மற்ற வகுப்புகளின் ஜன்னல்களில் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மாலையில் மெமோ வந்தது. நிர்வாக உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் எழுத ஒரு முழுத்தாள் விட்டிருந்தார்கள். டீச்சர் இரண்டு வரி எழுதினாள்: 'பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாளையும் சாப்பிடுவார்கள்.'

தலைமையாசிரியருக்கு ஒரு புகார் தேவைப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். குண்டூசியின் அம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். அவள் பேக்கரியில் வேலை செய்கிறவள். பாதி வேலையில் வந்ததால் முழங்கை வரை மாவு. டீச்சரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"உங்க பொண்ணு விழுந்து அடிபட்டிருக்கா," என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார். "கவனிப்பு சரியில்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா நாங்க நடவடிக்கை எடுப்போம்."

அவர் நீட்டிய தாளை அம்மா தொடவில்லை. தாளில் மாவு படும் என்பதற்காக அல்ல.

"சார், ரெண்டு வருஷமா இவ வீட்டுக்கு வந்தா, இன்னைக்கு யார்கூட விளையாடினன்னு கேப்பேன். 'வட்டத்துல நின்னேன்'னு சொல்லுவா. தினமும் அதே பதில். நேத்து வந்து ஒரு மணி நேரம் கதை சொன்னா சார். டீச்சர தூக்கினாளாம், டீச்சர் அவ்ளோ வெயிட்டாம்." டீச்சரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். சார், இதுல நான் கையெழுத்துப் போட்டா எம்பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அடுப்புல ரொட்டி கிடக்கு, நான் வரேன்."

திங்கட்கிழமை மரத்தடியில் மூன்றாம் வகுப்போடு ஒன்றாம் வகுப்பும் வந்து உட்கார்ந்தது. அந்த வகுப்புக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியை, "எனக்கும் மெமோ குடுப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"குடுப்பாங்க. ரெண்டு வரி எழுதிடு. நான் சொல்றேன்."

வியாழக்கிழமை ஐந்து வகுப்புகள் வெளியே இருந்தன. ஆயாம்மா யாரும் கேட்காமலே பின்கட்டிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "எனக்குக் கால் வலிக்குதுப்பா, உக்காரத்தான்," என்றாள். அடுத்த நாள் இரண்டு பெஞ்சுகள் வந்தன. எத்தனை கால் வலிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் பாக்ஸ்களை மார்போடு அணைத்து ஓடினார்கள். ஸ்கேல் டீச்சர் அவர்களை வகுப்புகள் பக்கம் விடவில்லை. நேராகக் கூடத்து வாசலுக்கு ஓட்டினாள். இருநூறு பிள்ளைகள் பூட்டிய கதவின் முன் நனைந்துகொண்டு நின்றார்கள். தலைமையாசிரியர் குடையோடு வந்தார்.

"வகுப்புக்குப் போகச் சொல்லுங்க டீச்சர்."

"நான் சொல்லமாட்டேன் சார்," என்றாள் அவள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "வேணும்னா நீங்களே சொல்லுங்க. இதோ நிக்கறாங்க."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. "சார், சாவி தொலைஞ்சு போச்சா?"

அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

"இல்லம்மா," என்றார் கடைசியில். "எங்கிட்டதான் இருக்கு."

கதவு திறந்தது. ஈரக்கால்கள் தரைவிரிப்பில் பாய்ந்தன. சோபாவில் பதினொரு பேர் ஏறினார்கள். மீன்தொட்டியைச் சுற்றி ஒரு கூட்டம் மொய்த்தது. அந்தக் கூடத்தில் இரண்டு வருடமாகச் சேர்ந்திருந்த அமைதி ஒரு நிமிடத்தில் தூள்தூளானது. தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் வெளியே போகவில்லை. சிறிது நேரத்தில் சோபாவை ஓரமாக நகர்த்த ஒரு கை கொடுத்தார்.

கூடம் அதற்குப் பிறகு பூட்டப்படவில்லை. ஆனால் மெமோவைத் தொடர்ந்து வந்த எச்சரிக்கைக் கடிதம் டீச்சரின் கோப்பில் ஏறிவிட்டது. வருடக் கடைசியில் தலைமையாசிரியர் அவளை அழைத்தார். குரலில் பழைய விறைப்பு இல்லை.

"வருந்துகிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, அத எடுத்துரலாம் டீச்சர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வருத்தம் ஒண்ணு இருக்கு சார். ஓலை வந்த அன்னைக்கே உங்ககிட்ட சண்டை போடாம வீட்டுக்குப் போனேன் பாருங்க, அதுதான். அத எழுதட்டுமா?"

அவர் பேனாவை மூடினார்.

"அப்ப அது அங்கயே இருக்கட்டும் சார்," என்று டீச்சர் எழுந்தாள். "ஒரு காப்பி மட்டும் எடுத்துக் குடுங்க. வீட்ல காட்டணும்."