விரிசலுக்குள் மஞ்சள்

அந்த அம்மா காபிக் கோப்பையைக் கையில் வாங்கினார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் என் மேசைமேல் வைத்துவிட்டார். எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. கேட்க வந்ததைக் கொடுக்கும்வரை உன் காபி என் தொண்டையில் இறங்காது என்று அர்த்தம். பெரிய மனிதர்கள் பெண் கேட்கப் போகும்போதும், செத்தவன் வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் செய்கிற காரியம். அதை அவர் கிரீஸ் படிந்த என் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தார்.

"குடிங்கம்மா, ஆறிடும்."

"ஆறட்டும் அபு ரம்ஸி. என்னைத் தெரியலையா? மாதபா ஊர் ஷாஹிர் வாத்தியாரோட சம்சாரம். லைத்தோட அம்மா."

அதற்குள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன். இழுவை வண்டியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் காரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்விளக்கு உடைந்திருந்தது, பானெட் லேசாக நசுங்கியிருந்தது. மனிதனைக் கொன்ற காருக்கு அவ்வளவுதான் காயம்.

அம்மான் நகரத்தில் பழைய கார் வாங்குகிற எவனும் என்னைப் போன்ற ஒருவனிடம் காட்டாமல் வாங்கமாட்டான். காரின் அடிச்சட்டத்துக்கு நாலு முனை. நாலையும் பார்த்து, ஓட்டிப் பார்த்து, 'நாலும் நல்லது' என்று நான் கையெழுத்துப் போட்டால் வியாபாரம் முடிந்தது. இரண்டேகால் வருஷத்துக்கு முன்னால், பெருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை, முப்பத்தோரு கார் பார்த்தேன். அதில் இது ஒன்று. ஓட்டும்போது இடது உள்ளங்கையில் ஏதோ லேசாக இழுத்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். நாலும் நல்லது என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து மாதபா சாலை இறக்கத்தில் இந்தக் கார் இடது பக்கம், எதிர்ச்சாரிக்குப் பாய்ந்து (எங்கள் ஊரில் வலது ஓரமாகத்தான் ஓட்டுவோம்), ஓரத்தில் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்த அவ்வாத் என்பவனை அடித்துப் போட்டது. வாத்தியார் தூங்கிவிட்டார் என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து என் உள்ளங்கை மட்டும் சும்மா இருக்கவில்லை. எந்தக் காரில் ஏறினாலும் இடது பக்கம் யாரோ மெதுவாக இழுப்பதுபோல் இருக்கும். என் கூட்டாளி காலிப் அதற்குப் பேரே வைத்துவிட்டான். "உன் கைப்பேய் இன்னிக்கு என்ன சொல்லுது?" என்பான்.

"வண்டிய விக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"விக்கலை. அவர் தூங்கினாரா, வண்டி இழுத்துச்சான்னு தெரியணும். தூங்கலை தூங்கலைன்னு தலையில அடிச்சுக்கிட்டார். போலீஸ்காரன் உங்க காகிதத்தைக் காட்டினான். வண்டி நல்லா இருக்குன்னு எழுதியிருக்கே, அப்ப நீதான் தூங்கினேன்னான். அவர் சித்தப்பாமாரே, செத்தவன் வீட்டோட சமாதானம் ஆகணும்னு அவரை ஒத்துக்க வச்சாங்க. இப்போ அவருக்கே சந்தேகம் வந்திருச்சு. சாயங்காலம் ஆனா சோபாவில உக்காந்து ரெண்டு கையையும் இப்படி வச்சுக்கறார்."

அவர் வெறும் காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு முஷ்டியையும் இறுக்கிக் காட்டினார்.

"நான் தூங்கினேனா சுஹைர்னு கேப்பார். தினமும். விபத்துக்கு ஒரு வாரம் முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணாரே, ஞாபகம் இருக்கா? இறக்கத்தில பிரேக் போட்டா இழுக்குதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. ரோடு சாய்வாக இருக்கும், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிங்க வாத்தியாரே என்று சொல்லிச் சிரித்தேன். அந்த மனிதர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பாக்கறேன்" என்று சொல்லி எழுந்தேன்.

காருக்குள் புழுதி வாசனை. கண்ணாடியில் திருஷ்டிக்குத் தொங்கவிட்ட நீல மணி ஆடிக்கொண்டே இருந்தது. கிளம்பிய உடனே உள்ளங்கையில் இழுத்தது. ஆனால் என் கையை நானே எப்படி நம்புவது? திரும்பி வந்து காலிப்பை ஓட்டச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லடா. நூல் பிடிச்ச மாதிரி போகுது" என்றான்.

"முன் டயரை மாத்திப் போடு."

"உனக்கு மந்திரிச்சுத்தான் விடணும்" என்று திட்டிக்கொண்டே இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினான். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறும். எனக்கு மாறவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியவே இல்லை. சமதரையில் காட்டாது என்று அப்போதுதான் உறைத்தது. வாத்தியார் இறக்கம் என்றல்லவா சொன்னார்! சந்தைக்குப் பின்னால் இருக்கிற சரிவுக்கு ஓட்டிப்போகச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்போ பிரேக் போடு. நல்லா அழுத்து."

கார் விருட்டென்று இடப்பக்கம் திரும்பியது. சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. காலிப் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை மேலே தூக்கிக்கொண்டான்.

"நான் திருப்பலை. சத்தியமா நான் திருப்பலை" என்றான்.

வாத்தியார் தூங்கலை தூங்கலை என்று தலையில் அடித்துக்கொண்டதும் இதே மாதிரிதான்.

காரை மேலே தூக்கினோம். காலிப் ஏணியில் ஏறி ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டினான். நான் கீழே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சக்கரத்துக்குப் போகிற கம்பிகள் மட்டும்தான் அசையவேண்டும். இங்கே அந்தக் கம்பிகளைத் தள்ளுகிற ஸ்டீயரிங் ராக்கே ஒரு விரல் அளவு நகர்ந்து நகர்ந்து வந்தது. அதைத் தாங்கும் இரும்பை யாரோ எப்போதோ வெல்டு வைத்து, மேலே கறுப்புச் சாயம் அடித்து மறைத்திருந்தார்கள். வெல்டு ஓரமாக ஒரு விரிசல். பிரேக் அழுத்தும்போதெல்லாம் அது வாயைத் திறந்திருக்கிறது.

விபத்தில் விரிந்தது என்று சொல்லித் தப்பியிருப்பேன். ஆனால் பார்த்து முடித்த இடத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். அந்தக் கோடு விரிசல் மேலேயே இருந்தது. கம்பியை விட்டு நோண்டினேன். நுனியில் மஞ்சள் வந்தது. பெயிண்ட் விரிசலுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. நான் கோடு போட்ட அன்றைக்கே அது திறந்துதான் இருந்தது. நான் பார்க்கவில்லை, கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

காலிப் இறங்கி வந்து பார்த்தான்.

"கொஞ்சம் தின்னர் போதும்" என்றான், அறைப்பக்கம் பார்த்துக்கொண்டே. "மஞ்சளைத் துடைச்சிடலாம். அடிபட்டதில விரிஞ்சதுன்னு எழுது. செத்தவன் வரப்போறதில்ல. உன் புள்ளைங்கள நினைச்சுப் பாரு."

நினைத்தேன். துணியை வாங்கினேன், தின்னரிலும் நனைத்தேன். பெரிய யோக்கியன்போல் இதைச் சொல்ல எனக்கு வாயில்லை. துணியை மேலே கொண்டுபோனபோது என் இரண்டு கையும் இறுகிப் பிடித்துக்கொண்டன. சோபாவில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரின் கைகள் என் மணிக்கட்டில் முளைத்ததுபோல் இருந்தது. துணியைக் கீழே போட்டேன்.

"உம்மு லைத்! இங்க வாங்க" என்று அந்த அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் காட்டினேன். மஞ்சள் யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் அழுவார், அறைவார் என்று எதிர்பார்த்தேன். விரலை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன். மேசைமேல் காபி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

"இப்பவாவது..." என்று இழுத்தேன்.

"இனிமே காபி உங்களுக்குத்தான், எங்க வீட்ல. பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவர் குடிக்கச் சொன்னா குடிங்க."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் மூன்று பேருடன் போனேன். வாத்தியார் சோபாவில் இருந்தார். இரண்டு கையும் காற்றில். அவர்களில் மூத்தவர் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார், நானும் வைத்தேன். பேச வேண்டியவர் அவர்தான், முறை அது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க தூங்கலை வாத்தியாரே. முழிச்சுத்தான் இருந்தீங்க. வண்டிதான் திரும்புச்சு. நான் பாத்திருக்கணும், பாக்கலை."

அவர் என்னைப் பார்த்தார். கைகள் மெல்ல மடியில் இறங்கின. சமையலறைப் பக்கம் உம்மு லைத் விசும்புவது கேட்டது. கோப்பைகளிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. குடியுங்கள் என்ற ஒரு சொல்லுக்காக நாலு ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதை நான் சொல்ல முடியாது" என்றார் வாத்தியார். குரல் துருப்பிடித்துக் கிடந்தது. "அவ்வாத்தோட அப்பா சொல்லணும். அங்க போவோம். நானும் வரேன். சாவியக் குடு."

"என் வண்டிங்க வாத்தியாரே..."

"உன் வண்டியத்தான் கேக்கறேன். நல்ல வண்டிதானே?"

இரண்டு வருஷம் கழித்து அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியவர்கள் பின்னால் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு வாயசைத்து ஓதிக்கொண்டே வந்தார்கள். தர்பூசணி விற்ற அந்த இறக்கம் வந்தது. ஓரத்தில் இப்போது யாரும் கடை போடுவதில்லை. அவர் கால் பிரேக்குக்குப் போனது. என் கைகள் என் முழங்கால்மேல்தான் இருந்தன. ஆனாலும் இடது உள்ளங்கையில் அந்த இழுப்பு வந்துவிட்டது.

"இறுக்கிப் பிடிக்கணுமா?" என்று கேட்டார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேண்டாம் வாத்தியாரே" என்றேன். "நேராத்தான் போகுது."