விசாரித்துச் செய்த கல்யாணம்

சாருலதாவுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாளா என்றால், இல்லை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் புக்ககம். சொல்லிக்கொள்ள ஒரு குறை கிடையாது. புருஷன் பரத்வாஜ் பாங்க்கில் ஆபீசர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். மாமியார் ஜெயலக்ஷ்மிதான் கறார். அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறாது. அப்பேர்ப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவி, ஸ்டிக்கர் பொட்டு டப்பாவுக்கு அடியில் மாத்திரையை ஒளித்து வைத்து, காலையும் ராத்திரியும் பாத்ரூம் குழாய்த் தண்ணீரில் முழுங்குவதென்றால் சும்மாவா?

வலிப்புக்கான மாத்திரை அது. பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் வராது; கடைசியாக வந்தே நாலு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அசோக் நகரில் அவளைப் பெற்றவர்கள், ஜாதகம் எடுத்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்கள், இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று. வக்கீல் சித்தப்பா வேறு தன் பங்குக்கு வந்து பயமுறுத்தினார். “அவாளுக்குத் தெரிஞ்சா கோர்ட்டுக்குப் போய் இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கிடலாம். சட்டத்துலயே இருக்கு.” இப்படிச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாருவின் பயமெல்லாம் மாமியாரை நினைத்துத்தான். பரத்திடம் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வான், மாமியாருக்குத் தெரிந்தால்தான் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். இதைத்தான் அவள் தினமும் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

தொண்ணூற்றாறாம் வருஷ நவராத்திரி. சாயங்காலம் ஆனால் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. வெற்றிலை பாக்குக்கு வரும் மாமிகள் கொலுவை ஒரு கண்ணாலும், வயசுப் பெண்களை ஒரு கண்ணாலும் பார்ப்பார்கள். அன்றைக்கு வந்தவர்களில் வத்ஸலா மாமியும் அவள் பெண் மதுவந்தியும் இருந்தார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு வயசு, நல்ல குரல். அவள் பாடி முடிப்பதற்குள்ளேயே எதிர்வீட்டு மாமி தன் அக்கா பிள்ளைக்கு அவளை மனசுக்குள் கட்டிவைத்தாகிவிட்டது.

பாட்டு முடிந்து, கையில் கொடுத்த சுண்டலை மதுவந்தி வாயில் போட்டாள். அடுத்த நிமிஷம் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கூப்பிட்ட சத்தமும் இல்லை, அழுத சத்தமும் இல்லை. மல்லாக்க விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

சமையலறை வாசலில் தாம்பாளத்தோடு வந்த சாரு அப்படியே நின்றுவிட்டாள். தன்னுடைய வலிப்பை அவள் பார்த்ததில்லை. வருபவளுக்கு அது எப்படித் தெரியும்? நினைவு தப்பும், எழுந்திருக்கும்போது எல்லோரும் சுற்றி நின்று ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இதைத்தானா அம்மா அத்தனை வருஷம் பார்த்தாள்? இப்படியா நான் விழுந்து கிடந்தேன்?

“சாவி, சாவி. இரும்பைக் கையில குடுங்கோ” என்றாள் ஒருத்தி. ஜெயலக்ஷ்மி இடுப்புச் சாவிக்கொத்தை உருவி அந்தப் பெண்ணின் கைக்குள் திணித்தாள். இன்னொருத்தி முழங்காலை அமுக்கிப் பிடித்தாள். எதிர்வீட்டு மாமி பல்லுக்கு நடுவில் செருகுவதற்கு ஸ்பூனைத் தேடினாள். பெற்றவள் என்ன செய்தாள் தெரியுமா? கிட்டே போகாமல் சுவரோரமாக நின்றபடி, “மயக்கம்தான். காலம்பறலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. வெறும் மயக்கம்” என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அசோக் நகர் அம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வாள். சாருவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மதுவந்தியின் உதடு நீலம் பூத்தது. வாய்க்குள் சுண்டல். அதைக் கவனித்தது சாரு மட்டும்தான். இப்போது போனால் மாட்டிக்கொள்வோம், போகாவிட்டால் இந்தப் பெண் போய்விடும். தாம்பாளத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“யாரும் பிடிக்காதீங்கோ. வாயில ஒண்ணும் வைக்காதீங்கோ” என்று சொல்லிக்கொண்டே உள்ளே புகுந்து, அந்தப் பெண்ணை ஒருக்களித்துத் திருப்பினாள். எச்சிலோடு சுண்டல் வெளியே விழுந்தது. தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கி, மூச்சு சீராக வந்தது.

ஜெயலக்ஷ்மி மருமகளையே பார்த்தாள். “இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“காலேஜ்ல என்.எஸ்.எஸ். கேம்ப்ல சொல்லிக்கொடுத்தாம்மா.”

பொய் எவ்வளவு சுளுவாக வந்துவிட்டது. “சமத்து” என்றாள் மாமியார். எதிர்வீட்டு மாமி அக்கா பிள்ளையை அப்போதே திருப்பி வாங்கிக்கொண்டாகிவிட்டது. வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு எல்லோரும் அவசரமாகக் கிளம்பினார்கள். “பாவம், இனிமே இதை யார் தலையில கட்டறது” என்று ஒருத்தி சொன்னது உள்ளறை வரைக்கும் கேட்டது.

உள்ளறைக் கட்டிலில் மதுவந்தி அரைத்தூக்கத்தில் கிடந்தாள். வத்ஸலா மாமி கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் நின்ற சாருவிடம் திரும்பினாள்.

“கேம்ப்ல கத்துண்ட மாதிரி தெரியலையேடி. உனக்கும் உண்டா?”

சாரு மதுவந்தியின் தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். அதுவே மாமிக்குப் போதுமானதாக இருந்தது.

“இந்தாத்துல தெரியுமா?”

இல்லை என்று தலையாட்டினாள். காட்டிக்கொடுப்பாளோ என்று பயந்தால், மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ சொல்லாமலே பண்ணிடலாம். பாத்துக்கோடி மது, இந்த அக்கா ஜம்முனு இருக்கா பாரு. நாமளும் வாயைத் திறக்க வேண்டாம்.”

மதுவந்தி கண்ணைத் திறந்து சாருவைப் பார்த்தாள். “பயமா இருக்காதா அக்கா?”

இருக்காது என்று சொல்லியிருக்கலாம். பொய்தான் இன்றைக்குச் சுளுவாக வருகிறதே. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சாருவால் முடியவில்லை. “இருக்கும்” என்றாள். “எப்பவும் இருக்கும். கதவை யாராவது தட்டினாக்கூட இருக்கும்.”

அவர்களை ஆட்டோ ஏற்றிவிட்டுச் சாரு உள்ளே திரும்பினாள். மாமி வாயிலிருந்து நாளைக்கே ஊருக்குத் தெரியலாம். அது ஒரு பக்கம். தான் ஜம்மென்று இருப்பதைக் காட்டி இன்னொரு பெண்ணை இதே குழியில் தள்ளப் போகிறார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஜெயலக்ஷ்மி கூடத்தில் சிந்திய குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கேம்ப்னு சொன்னது பொய். எனக்கும் அது உண்டு. சின்ன வயசுலேருந்து மாத்திரை சாப்பிடறேன்.”

மாமியார் துணியைக் கீழே போட்டாள். எழுந்தாள். நேராகப் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கொலு விளக்கு எரியும்போது அந்த வீட்டில் வாசல் கதவைச் சாத்துகிற வழக்கம் கிடையாது. முடிந்தது கதை, இனி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தாள் சாரு.

ஜெயலக்ஷ்மி திரும்பி வந்து அவளுக்கு வெகு அருகில் நின்றாள். “பரத்துக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. இன்னிக்கு வந்ததும் சொல்லிடறேன். அவர் புரிஞ்சுப்பார்.”

மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

“சொல்லாதே. உன் ஜாதகம் வந்தப்போ, பொண்ணு வம்சத்துல ஏதாவது கோளாறு உண்டா, நன்னா விசாரி, இன்னொரு தடவை விசாரின்னு என் பிராணனை வாங்கினது யார்னு நினைச்சே? அவன்தான். ஒரு பொண்ணு லேசா விந்தி நடந்தாள்னு காபியைக்கூடக் குடிக்காம எழுந்து வந்தவன் அவன். அனுப்பிச்சுடுவான்டி உன்னை. என் பிள்ளையை எனக்குத் தெரியும்.”

வாசலில் பரத்தின் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலிங் பெல் அடித்தது. தாழ்ப்பாளைத் திறக்க இரண்டு பேருமே நகரவில்லை.