அரை மணி நேரம் ஆடாமல் இருந்த இரண்டு அம்மாக்கள்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. தலவாக்கலையில், பக்கீர் நானாவின் இரும்புக்கடை மாடியில் ஞாயிறுதோறும் சித்திர வகுப்பு நடத்தும் அவர் மகள் இஷ்ரா டீச்சர், கண்காட்சி மலருக்கென்று என்னிடம் ஒரு பக்கம் கேட்டார். ‘சித்திர வகுப்பால் பிள்ளைகள் அடையும் நன்மைகள்’ என்று தலைப்பையும் அவரே தந்தார். என் மகனும் அங்கே படித்தவன், மறுக்க முடியவில்லை.

“சித்திரம் பிள்ளைகளின் கற்பனையை வளர்க்கிறது. மேலும்...” என்று எழுதினேன். அந்த ‘மேலும்’ இன்னும் அப்படியே நிற்கிறது. நான் வகுப்புக்குள் உட்கார்ந்தவனல்ல. வெளியே, பெற்றோருக்குப் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தவன். நான் கண்ட நன்மையெல்லாம் அந்த வாங்கில் இருந்தவர்களுக்கு நடந்தது. ஆகையால் தலைப்பை மாற்றிக்கொண்டேன். டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: “பனி மூடிய மலைச்சரிவில்...” (அடித்துவிட்டேன். பனியையே பார்க்காத ஊர்க்காரர் எழுதட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: வாங்கின் இடது ஓரத்தில் ஜீவராணி, வலது ஓரத்தில் பூரணி, நடுவில் நாங்கள் நாலைந்து பேர். ஜீவராணியின் மகள் சுலக்ஷனாவும் பூரணியின் மகன் வினோஜனும் உள்ளே ஒரே மேசையில் வரைகிறார்கள். இரண்டு அம்மாக்களும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா.* ஒரே பஸ்ஸில் வந்து, பூரணி முன்கதவால் இறங்குவாள், ஜீவராணி பின்கதவால். பேச்சு நின்று மூன்று வருடம்.

இது இருக்கட்டும்.

* லயம் பார்க்காதவர்களுக்கு: ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அந்த வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். அதனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: சுவருக்கு மேலால் வந்தது காதில் விழலாம், வாயில் வரக்கூடாது.

3

ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்காருவது ஜீவராணிக்குப் பழக்கமில்லை. விறகு இல்லை, துவைக்கிற கல் இல்லை. கை ஓய்ந்தால் மனசு பழையதைக் கிண்டும்.

பூரணி கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ரொட்டி தட்ட வராது. “அக்கா, மாவுக்கு எவ்வளவு உப்பு?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்; சுவர் பதில் சொல்லும். குழம்புக் கிண்ணம் சுவரேறிப் போகும், காலிக் கிண்ணம் கழுவாமலே திரும்பி வரும். ரேடியோ ஜீவராணி வீட்டில். கேட்பது இரண்டு வீடும்.

“கொஞ்சம் சத்தமா வைங்கக்கா, எங்க வீட்டுக்குப் பத்தல!”

“கரண்டு பில்லு நீயாடி கட்டுற?”

“பாதிப் பாட்டுதானே கேக்குது? பாதி பில்லு தாறேன்!”

அந்தக் காலத்தில் வினோஜன் எந்த வீட்டில் தூங்கினான், எந்த வீட்டில் விழித்தான் என்று யாரும் பார்த்ததில்லை.

பூரணியின் இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மாமியாருக்குக்கூட அவள் சொல்லவில்லை. சுவர் மட்டும் ஜீவராணிக்குச் சொன்னது. இரண்டு நாள் கழித்து மலையில், கூடையோடு மேட்டில் ஏறமாட்டாமல் பூரணி தடுமாறியபோது, ஜீவராணிக்குப் பொறுக்கவில்லை. நாலு நிரைக்கு அப்பாலிருந்து கூவிவிட்டாள்: “கலஞ்ச ஒடம்போட மேட்டுல ஏறாத புள்ள! ஒன் நிரையையும் நானே எடுக்கிறேன்!”

மலையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாரும்தான்.

அன்பால் செய்கிற பிழைக்கு... (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

அன்று சாயங்காலமே பூரணி உரச்சாக்குகளைச் சுருட்டிச் சுவருக்கு மேலிருந்த இடைவெளியை அடைத்தாள்.

4

மூன்று வருடம் கழித்து, பூரணி குடும்பத்துக்குத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் தனி வீடு கிடைத்தது. அடுத்த வாரம் குடிபோகிறார்கள் என்று வாங்கில் பேச்சு. ஜீவராணி என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: “போறதுக்குள்ள ஒரு வார்த்த பேசிரணும் அண்ணே. போயிட்டா நான் எந்தச் செவுத்துக்கிட்ட போய்ப் பேசுறது?”

“இப்பவே பேசுங்களேன்.”

“வாய் வரமாட்டேங்குதே.”

அந்த நேரம் இஷ்ரா டீச்சர் வெளியே வந்தார். “இன்டக்கி பக்கவாட்டு முகம் வரையிற பாடம். ரெண்டு பேர் வாங்க. அந்தக் கரையில ஒராள், இந்தக் கரையில ஒராள்.”

(டீச்சருக்கு விஷயம் தெரியுமா? தெரியும் என்று எழுதினால் கதைக்கு அழகு. ஆனால் வாங்கின் ஓரத்தில் இருப்பவர்கள் எழும்புவது சுலபம், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.)

மறுப்பதற்குள் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாற்காலி, எதிரெதிரே. “ஒராள் முகத்த ஒராள் பாத்துக்கொண்டு இரிங்க. அர மணித்தியாலம். அசஞ்சா புள்ளைகள்ட கோடு பெழச்சிரும்.” நாங்கள் கதவடியில் நின்று பார்த்தோம்.

மூன்று வருடமாகப் பூரணியின் இருமலைக் கேட்டிருக்கிறாள் ஜீவராணி. சாக்கு அதை எங்கே தடுத்தது? முகத்தைத்தான் பார்க்கவில்லை. காதோரம் நரைத்திருந்தது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. ரேடியோவுக்குச் சண்டை போட்ட பெண் எங்கே போனாள் என்று தேடினாள்.

“அம்மா, மூக்கச் சுருக்காதீங்க!” என்றாள் சுலக்ஷனா.

“ஈ ஒக்காருதுடி.”

“ஆடுனீங்க, ஈயையும் சேத்து வரைஞ்சிருவேன்.”

வகுப்பு சிரித்தது. பூரணியின் உதட்டோரம் நடுங்கியது, அடக்கிக்கொண்டாள்.

“பூரணி...” ஜீவராணி உதடு அசையாமல் கூப்பிட்டாள்.

 பூரணி பார்வையை எடுக்கவில்லை, எடுக்கக்கூடாதே.

 பிறகு வினோஜன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், பெரியம்மா கண்ணுல தண்ணி வருது. அதையும் வரையணுமா?”

டீச்சர் அவன் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார். துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கலாமா என்று ஜீவராணிக்குத் தெரியவில்லை. அப்போது பூரணி, தலையைத் திருப்பாமல், எதிர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அத வரையாத தம்பி. இப்ப நின்னுரும்.”

5

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடித்து வந்தேன்.

அது இரக்கமா? ‘இந்த அழுகையெல்லாம் எனக்குத் தெரியும்’ என்ற குத்தலா? மகனிடம் சொன்னாளா, எதிரில் இருந்தவளிடம் சொன்னாளா? கடைசியில் ‘அக்கா’ என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும். சேர்த்தேன், அடித்தேன். அவள் சொல்லவில்லை.

முதல் முடிவு: ஜீவராணி மன்னிப்புக் கேட்கிறாள், பூரணி கட்டிக்கொள்கிறாள். (மலையில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.)

இரண்டாம் முடிவு: அரை மணி முடிந்ததும் ஆளுக்கொரு ஓரம். தனி வீடு. கதை தீர்ந்தது. (இதைத் தாங்க எனக்கு முடியவில்லை. கண்ணீர் அப்போதைக்கு நின்றுதான் இருந்தது.)

6

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். என் மகனைக் கூட்டிக்கொண்டு நானும் பஸ்ஸுக்கு வந்தேன். பூரணி முதலில் ஏறிவிட்டாள், முன்கதவால். பிள்ளைகள் பின்னால் இடம் பிடித்துவிட்டார்கள். இருவர் இருக்கை ஒன்றுதான் மிச்சம். பூரணி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள்.

இடம் பிடிக்கவும் நம்மூரில் பைதான் வைப்போம். இடமில்லை என்று சொல்லவும் பைதான்.

“நங்கி, பேக் எக்க கன்ன,” என்று கண்டக்டர் சிங்களத்தில் அதை எடுக்கச் சொன்னார். பூரணி எடுக்கவில்லை. “ஆள் வருது,” என்றாள் தமிழில்.

ஜீவராணி முன்கதவுப் படியில் ஒரு காலை வைத்திருக்கிறாள். பின்கதவும் திறந்தே கிடக்கிறது. நான் பின்னால் நிற்கிறேன். கூட்டத்தில் பூரணியின் முகம் தெரியவில்லை. நீங்கள் முன் இருக்கையில் இருக்கிறீர்கள். அவள் கண் யாரைப் பார்க்கிறது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.